கல்முனைக் கரையின் கசப்புச் சரக்கு

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என அம்பாறைக் கரையோரத்தில் நீளும் ஊர்களின் நாட்டு மருந்துக் கடைகளில் கிடக்கும் சரக்கில் பெரும்பகுதி அந்த ஊர்களில் விளைந்ததல்ல. கடுக்காய், அதிமதுரம், அமுக்கரா ஆகியவை இந்தியாவிலிருந்து கொழும்பு வழியாக மூட்டை மூட்டையாக வந்து சேர்கின்றன. மரமஞ்சள் தீவின் தென்மேற்கு மழைக்காடுகளில் வெட்டப்படுகிறது. நெல்வயலும் தென்னந்தோப்பும் களப்புமாக இருக்கும் இந்த மணற்கரை, மருந்து விடயத்தில் பெரும்பாலும் வாங்கும் கரைதான். இங்கே மருந்தின் வரலாறு என்பது வைத்தியரின் கைராசியைப் பற்றியது மட்டுமல்ல. சரக்கு எங்கே கிடைத்தது, எப்போது அருகியது, அருகியபோது எங்கே தேடினார்கள் என்பதும் அதில் அடங்கும்.

இதற்கு மரமஞ்சளே நல்ல உதாரணம். சிங்களத்தில் வெனிவெல் எனப்படும் இந்தத் தடித்த கொடியைக் கடைக்காரர் துண்டு துண்டாகத் தறித்து வைத்திருப்பார். வெட்டுமுகத்தைப் பார்த்தால் நடுவிலிருந்து விளிம்புவரை ஆரைகள் ஓடும் வண்டிச் சில்லுப் போலிருக்கும். நிறம் பளிச்சென்ற மஞ்சள். எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்றவைத்துக் காய்ச்சினால் குடிநீரும் மஞ்சளாகும்; கசப்போ நாக்கை விட்டுப் போக நேரம் பிடிக்கும். காய்ச்சல், தடிமன் என்றால் கொத்தமல்லியுடன் சேர்த்து அவிப்பதும், துருப்பிடித்த ஆணி குத்தினால் ஏற்புவலி வராதிருக்கக் குடிப்பதும் தீவு முழுதும் உள்ள வழக்கம். 2020இல் கொவிட் பரவியபோது கொத்தமல்லியையும் வெனிவெல்லையும் சனம் அள்ளி வாங்கியது. ஆனால் இந்தக் கொடி அவசரத்துக்கு வளர்வதில்லை. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. தண்டு பருத்து மருந்துக்குத் தேற ஆண்டுக்கணக்கில் ஆகும். அடியில் வெட்டி எடுத்தால் அந்தக் கொடியின் கதை பெரும்பாலும் முடிந்துவிடும்.

அந்த மஞ்சளுக்கும் கசப்புக்கும் காரணம் பேர்பெரின் என்ற சேர்வை. அது அல்கலொயிட்டுக்கள், அதாவது காரப்போலிகள், என்ற பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. காரப்போலி என்பது தாவரம் அமினோ அமிலத்திலிருந்து கட்டியெழுப்பும், நைதரசன் அடங்கிய சேர்வை. பெரும்பாலானவை கசக்கும், சிறிய அளவிலேயே விலங்கின் நரம்பையும் தசையையும் இதயத்தையும் தாக்கும். ஓடித் தப்ப முடியாத தாவரம் தன்னைத் தின்ன வருபவற்றுக்கு எதிராக வைத்திருக்கும் நஞ்சு இது. நஞ்சை அளவோடு கொடுத்தால் மருந்தாகும் என்பதுதான் எல்லா வைத்திய மரபுகளுக்கும் பொதுவான கண்டுபிடிப்பு.

கிழக்குக் கரைக்கு அந்த மரபுகளில் ஒன்று கடல்வழியாக வந்தது. கிரேக்கத்தில் தோன்றி, பாக்தாதில் அரபு மொழிக்கு மாறி, இப்னு சீனாவின் கைகளில் முழு உருவம் பெற்ற யூனானி வைத்தியத்தை அரபு, தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் இலங்கைத் துறைமுகங்களுக்குக் கொண்டுவந்தார்கள். 1626 அளவில் போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களில் 4,000 பேரளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்கள் கூறும் செய்தி. கண்டி அரசவையிலும் முஸ்லிம் வைத்தியர்கள் இருந்தனர். கோபால முதலியார் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அரண்மனை வைத்தியத்தில் இருந்தது. ஆங்கிலேயர் காலத்துப் பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் எழுதிய கடிதமொன்றில், இலங்கை முஸ்லிம்களிடம் காலன் போன்ற கிரேக்க ஆசிரியர்களின் நூல்கள் அரபு மொழிபெயர்ப்பில் இருந்ததையும், அவை தம் முன்னோரால் பாக்தாதிலிருந்து பெறப்பட்டவை என அவர்கள் சொன்னதையும் பதிந்திருக்கிறார். ஊர்களிலோ மரபுகள் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கவில்லை. யூனானி வைத்தியரான ஹகீமின் கையில் சித்த வைத்தியச் சரக்கும், நாட்டு வைத்தியரான பரிசாரியின் குறிப்பில் யூனானிச் சரக்கும் தாராளமாகப் புழங்கின. முறிவு நெரிவுக்கு ஒருவர், விசக்கடிக்கு ஒருவர் என்று ஆளைப் பார்த்துப் போனார்களே தவிர, மரபைப் பார்த்துப் போகவில்லை.

சரக்கைக் கரைக்கும் மலைக்கும் இடையே நகர்த்தியது தாவளம். பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஊவாவுக்கும் கண்டிக்கும் ஏறின. பாக்கும் மலைநாட்டுப் பொருட்களும் இறங்கின. கிழக்குக் கரை முஸ்லிம்களுக்கு இதில் பெரும் பங்கு. போர்த்துக்கேயரை அடுத்து வந்த ஒல்லாந்தரின் கண்ணும் பாக்கின் மேல்தான் இருந்தது. சோழமண்டலக் கரைக்குப் போன ஏற்றுமதியில் அது முக்கிய பண்டம். பாக்கை வாங்கியவர் அதை மருந்தென்று நினைத்து வாங்கவில்லை என்றாலும், அது ஒரு காரப்போலிப் பண்டமே. அதிலுள்ள அரிக்கோலின் உமிழ்நீரைச் சுரக்கவைத்து உடலில் ஒரு சூட்டையும் சுறுசுறுப்பையும் தரும். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு வாயைக் காரத்தன்மையாக்கி அதனை விரைவாக உறிஞ்சவைக்கிறது. குடற்புழுவுக்குப் பாக்கைக் கொடுத்த பழைய வழக்கம் சரியானதே. பின்னாளில் நாய்களின் நாடாப்புழுவுக்கு இதே அரிக்கோலினை ஐரோப்பியக் கால்நடை வைத்தியர்கள் பயன்படுத்தினார்கள். ஆனால் வாழ்நாள் முழுதும் பாக்கை அடக்கிவைத்த கன்னத்துக்கு வேறு விளைவு. பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத முடிவு. கிழக்குக் கரை எத்தனையோ தலைமுறையாக மென்றுவரும் பண்டத்தின் மறுபக்கம் அது.

கரைக்கு அருகிலேயே கிடைத்த சரக்கும் உண்டு. அதில் மிகக் கொடியது எட்டி, காஞ்சூரை என்றும் சொல்வார்கள். உலர்வலயக் காட்டு மரம். திருக்கோவிலுக்கு அருகே காஞ்சிரங்குடா என்றொரு ஊரே இருக்கிறது. தோடம்பழ நிறத்துப் பழத்துக்குள் சட்டைப் பொத்தான் போல் தட்டையான, பட்டுமயிர் படர்ந்த சாம்பல் நிற விதைகள் இருக்கும். அவற்றில் ஸ்ட்ரிக்னினும் புரூசினும் உண்டு. முள்ளந்தண்டு நாணில் தசைகளைத் தளர்த்தச் சொல்லும் சமிக்ஞையை ஸ்ட்ரிக்னின் தடுத்துவிடும். எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகி, வில்லாக வளைந்து, மூச்சு முட்டிச் சாவு நேரும். ஏற்புவலியின் கிருமி நஞ்சும் அதே சமிக்ஞையைத்தான் வேறு வழியில் முடக்குகிறது. அதனால் இரண்டின் தோற்றமும் ஒன்றுபோலிருக்கும்.

இப்படிப்பட்ட விதையைப் பாரிசவாதத்துக்கும் மூட்டு நோவுக்கும் கொடுப்பதற்கு முன் யூனானி அதற்கொரு நீண்ட சுத்தி முறை வைத்திருக்கிறது. விதையை ஈரமான மஞ்சள் களிமண்ணில் பத்து நாள் புதைத்து வைப்பார்கள். எடுத்துக் கழுவித் தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவிலிருக்கும் முளையைக் கிள்ளி எறிந்து, பாலில் வேகவைப்பார்கள். பாலைக் கொட்டிவிட வேண்டும்; அதை நாய்கூடக் குடிக்கக் கூடாது. பிறகே அது அஸாராகி மஃஜூன் என்ற இலேகியத்தில் சேரும். சித்த மரபிலும் ஊறவைத்து, அவித்து, முளை நீக்கும் முறைகள் உண்டு. நவீன ஆய்வுகூடத்தில் சோதித்தபோது இந்தப் படிகள் வீண் சடங்கல்ல என்று தெரிந்தது. நஞ்சில் ஒரு பகுதி தண்ணீரிலும் பாலிலும் கரைந்து வெளியேறுகிறது. இன்னொரு பகுதி சூட்டில் வீரியம் குறைந்த வேறு சேர்வைகளாக மாறுகிறது. இவற்றை எழுதி வைத்தவர்கள் ஸ்ட்ரிக்னின் என்ற பெயரைக் கேட்டதில்லை. ஆயினும் அரைகுறைச் சுத்தி உயிர் குடிக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பெயர் வைத்தவர்கள் பாரிஸில் இருந்தார்கள். மருந்தாளர்களான பெலெத்தியேயும் கவாந்துவும் 1818இல் எட்டியின் இனத்து விதையிலிருந்து ஸ்ட்ரிக்னினைப் பிரித்தார்கள்; 1820இல் சின்கோனாப் பட்டையிலிருந்து குயினைனையும் பிரித்தார்கள். மருந்து வணிகத்தின் போக்கு அத்தோடு மாறிவிட்டது. அதுவரை பட்டையும் வேரும் விதையும் சரக்கு. அதன்பின், அவற்றுக்குள் இருக்கும் சுத்தமான படிகமே சரக்கு. எந்தத் தோட்டத்துப் பட்டையில் படிகம் அதிகமோ அந்தத் தோட்டத்துக்கு விலை.

அந்த மாற்றம் இலங்கையை நேராகத் தாக்கியது. 1861இல் ஹக்கலையில் அரசு சின்கோனாத் தோட்டம் அமைத்தது. முதலில் தோட்டக்காரர்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பியை இலைத்துரு நோய் அழித்தபோதுதான் எல்லோரும் சின்கோனாவுக்கு ஓடினார்கள். 1880களின் நடுப்பகுதியில் ஆண்டு ஏற்றுமதி 15 மில்லியன் இறாத்தலைக் கடந்தது. அந்த வெள்ளமே விலையை மூழ்கடித்தது. இதற்கிடையில், சார்ல்ஸ் லெட்ஜருக்காக மானுவல் இன்கிரா மாமானி என்ற பூர்வகுடி மனிதர் பொலிவியாவில் சேகரித்த விதைகளை ஒல்லாந்தர் 1865இல் வாங்கி ஜாவாவில் வளர்த்திருந்தார்கள். அந்த மரத்தின் பட்டையில் இலங்கை மரத்தைவிடப் பன்மடங்கு குயினைன். இலங்கைத் தோட்டங்கள் சின்கோனாவைப் பிடுங்கிவிட்டுத் தேயிலையை நட்டன.

மலைநாட்டில் மரம் இருந்த காலத்திலும் கரையோரத்துக் காய்ச்சலுக்கு அதனால் பெரிய ஆறுதல் கிடைக்கவில்லை. உலர்வலயம் முழுதும் மலேரியா ஊறிக் கிடந்த பூமி. 1934-35இல் தீவில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற பெருந்தொற்றின் கொடுமை பெரும்பாலும் கேகாலை, குருநாகல் பக்கத்தில்தான் விழுந்தது. உலர்வலயத்திலோ காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலும் ஆண்டுதோறும் வரும் விருந்தாளிகள். கொயினா எனப்பட்ட குயினைன் அரசாங்க ஆசுபத்திரி வழியாக வந்தது. அதன் கசப்பும் காதிரைச்சலும் அதை விழுங்கியவர்களுக்குத்தான் தெரியும். 1940களின் பிற்பகுதியில் டிடிரி பூச்சிகொல்லி வந்த பிறகே நிலைமை மாறியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் உள்நாட்டுக் காடுகளை வெட்டி வயலும் கரும்புத் தோட்டமும் ஆக்கியதற்கு மலேரியா அடங்கியதும் ஒரு காரணம். நெல்லுக்குத் தண்ணீர் கிடைத்தது. காட்டுச் சரக்கு எடுத்த இடங்கள் பல போயின. இலங்கையில் மலேரியா இல்லை என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016இல்.

படிகத்தைப் பிரிக்கும் வேலையில் யூனானியும் கை வைத்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. தில்லி திப்பியாக் கல்லூரியை நடத்திய ஹகீம் அஜ்மல் கான், ஜேர்மனியில் படித்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கியை ஆய்வுக்கு அழைத்தார். அஜ்மல் கான் 1927இல் காலமானார். 1931இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து சித்தீக்கி பிரித்த காரப்போலிக்கு அவர் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார்; இதயத் துடிப்பு ஒழுங்கீனத்துக்கான மருந்தாக அது இன்றும் அறியப்படுகிறது. 1952இல் அதே வேரிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டதும் உலகமே இரத்த அழுத்தத்துக்காக அந்த வேரைத் தேடியது. காட்டுச் செடி அருகத் தொடங்கியது. இலங்கையில் 1929இல் கொழும்பு பொரளையில் திறந்த சுதேச வைத்தியக் கல்லூரி ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் கற்பித்தது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் மூன்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. கிழக்கிலிருந்து போய்ப் படித்துத் திரும்பியவர்கள் பதிவுபெற்ற வைத்தியர்களானார்கள். ஓலையும் கைப்பிரதியும் வைத்திருந்த பரிசாரிகள் மெல்ல ஒதுங்கினார்கள்.

எட்டி, சின்கோனா, சர்ப்பகந்தி மூன்றும் வெவ்வேறு நிலத்துத் தாவரங்கள். மூன்றின் மருந்தும் ஒரே வாசலால் வருகின்றன என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் துலங்கியது. திரிப்தோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து வரும் திரிப்தமினும், செக்கோலொகனின் என்ற இன்னொரு சேர்வையும் ஒரு நொதியத்தின் உதவியால் இணைந்து ஸ்ட்ரிக்டோசிடின் ஆகின்றன. அங்கிருந்து ஒவ்வொரு தாவரமும் தன் வழியே போய் ஸ்ட்ரிக்னின், குயினைன், அஜ்மலின், ரெசர்பின் எனக் கட்டுகிறது. இந்த வாசலிலிருந்து கிளைக்கும் காரப்போலிகள் 3,000 வரை. அந்த நொதியத்தின் பரம்பரையலகை 1988இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததும் சர்ப்பகந்தியிலிருந்துதான். மரமஞ்சளின் பேர்பெரின் இக்குடும்பமல்ல. அது தைரோசினில் தொடங்கி ரெற்றிகியூலின் வழியாக வருவது, அபினின் மோர்பினுக்கு உறவு.

ஸ்ட்ரிக்டோசிடின் வாசலைச் சேர்ந்த நான்காவது செடி கல்முனைக் கரைக்குப் புதியதல்ல. நித்தியகல்யாணி, பட்டிப்பூ என்றெல்லாம் சொல்லப்படும் அது கடலோர மணலில் நீர் ஊற்றாமலே பூக்கும். ஆடும் மாடும் வாய் வைப்பதில்லை. பிறப்பிடம் மடகஸ்கார். நீரிழிவுக்கு அதன் இலையை அவித்துக் குடிப்பது பல நாடுகளில் வழக்கம். அதைச் சோதிக்கப் புகுந்த கனடிய ஆய்வாளர்கள் ரொபேர்ட் நோபிளும் சார்ல்ஸ் பியரும், எலிகளின் சர்க்கரை குறையாமல் வெண்குருதிக் கலங்கள் குறைவதைக் கண்டார்கள். 1958இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. அடுத்து வந்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு அடிப்படை மருந்தாயிற்று.

ஆடு ஏன் வாய் வைப்பதில்லை என்பதற்கு இலைக்குள்ளேயே விடை இருக்கிறது. உரியத்தை அடுத்த கலங்களில் ஆரம்ப வேலை நடக்கிறது. இடைப்பொருள் மேற்றோல் கலங்களுக்கு நகர்ந்து ஸ்ட்ரிக்டோசிடினாகிப் புன்வெற்றிடத்தில் தங்குகிறது. கடைசிப் படிகள் பால் சுரக்கும் தனிக் கலங்களில் முடிகின்றன. ஸ்ட்ரிக்டோசிடினை உடைக்கும் நொதியம் அதே கலத்தின் கருவுக்குள் காத்திருக்கிறது. புழு இலையைக் கடித்துக் கலம் கிழிந்தால் இரண்டும் கலந்து, புரதங்களைப் பிணைத்துக் கட்டும் தாக்குபொருள் ஒரு நொடியில் உருவாகும். இவ்வளவு பங்கீடு இருப்பதால்தான் ஆய்வுகூடத்தில் ஒரே வகைக் கலத்தை வளர்த்து வின்பிளாஸ்டின் பெறும் முயற்சிகள் தோற்றன. இலையிலும் அது மிகச் சொற்பம். ஒரு கிராமுக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை தேவை. தமிழ்நாட்டின் தென்மாவட்ட விவசாயிகள் மானாவாரி நிலத்தில் இதை வளர்த்து இலையையும் வேரையும் ஏற்றுமதிக்குக் கொடுத்து வருகிறார்கள். 2019இல் அமெரிக்காவில் ஓர் உற்பத்தியாளர் விலகியதும் வின்கிறிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்தது.

செடியை விட்டு அதன் நொதியங்களை மட்டும் எடுத்து வேறோர் உயிரில் வைக்கும் முயற்சி இங்கேதான் நுழைகிறது. ஜப்பானியர் முதலில் தாவரக் கலங்களையே தொட்டியில் வளர்த்து பேர்பெரின் எடுத்தார்கள். 2008இல் அவர்களே பற்றீரியாவில் ரெற்றிகியூலினை உண்டாக்கினார்கள். 2015இல் அமெரிக்காவின் கிறிஸ்டினா ஸ்மொல்க் குழு மதுவத்தில் (ஈஸ்டில்) அபின் குடும்பத்துச் சேர்வைகளையும், 2020இல் ஊமத்தையின் ஹயோசயமின், ஸ்கொபொலமின் ஆகியவற்றையும் ஆக்கியது. 2022இல் டென்மார்க்கில் ஜே கீஸ்லிங் குழு அப்பமாவைப் புளிக்கவைக்கும் அதே இன மதுவத்தில் 34 தாவரப் பரம்பரையலகுகளைச் சேர்த்து, மொத்தம் 56 மாற்றங்கள் செய்து, வின்பிளாஸ்டினின் இரு பாதிகளான கதரந்தினையும் விண்டொலினையும் பெற்றது. இரண்டையும் இணைக்கும் கடைசிப் படி இரசாயன முறையில் நடந்தது. விளைச்சல் லீற்றருக்கு ஒரு மில்லிகிராமைக்கூட எட்டவில்லை. சாதனை பெரிது, கொள்கலம் காலி என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே 2022இல் ஜேர்மனியின் ஜேனாவில் சாரா ஓ'கொனர் குழு எட்டியின் முழுப் பாதையையும் கண்டுபிடித்து, புகையிலை இனச் செடியொன்றில் அந்தப் பரம்பரையலகுகளைப் புகுத்தி ஸ்ட்ரிக்னினை உண்டாக்கியது. கடைசிப் படிக்கு நொதியமே தேவைப்படவில்லை. முன்னோடிச் சேர்வை தானாகவே நஞ்சாக மாறுகிறது. ஸ்ட்ரிக்னினுக்கு இன்று மருந்துச் சந்தை இல்லாததால் இது அறிவுக்கான வெற்றியே. பாதை தெரிந்தால் அதை வேறு திசைக்குத் திருப்பி, நஞ்சு குறைந்த புதுச் சேர்வைகளைத் தேட முடியும்.

காசுக் கணக்கு தனி. காரப்போலியல்லாத ஆட்டெமிசினின் என்ற மலேரியா மருந்தை மதுவத்தின் உதவியோடு தயாரிக்க 2013இல் சனோபி நிறுவனம் இத்தாலியில் ஆலை தொடங்கியது. சீன, வியட்நாம், ஆபிரிக்க விவசாயிகள் வளர்த்த செடியின் விலை சரிந்ததும் ஆலையால் போட்டியிட முடியவில்லை. சில ஆண்டுகளில் அது கைமாறியது. செடி ஓராண்டில் அறுவடையாகும் இடத்தில் மதுவம் தோற்கிறது. காட்டுக் கொடி பல ஆண்டு எடுத்து வளரும் இடத்தில் கணக்கு வேறாக இருக்கலாம். மரமஞ்சள் அந்த வகை. பேர்பெரின் இமயமலைச் செடிகளிலிருந்தும் சீனச் செடிகளிலிருந்தும் மலிவாகவே கிடைப்பதால் அதற்காக மதுவத்தை வளர்க்கும் அவசரம் இன்னும் எழவில்லை. அதோடு கடைக்கு வருபவர் கேட்பது பேர்பெரின் குளிசையை அல்ல, அவித்துக் குடிக்கும் கட்டையை. ஆகவே காட்டுக் கொடிக்கு உதவக் கூடியது இப்போதைக்கு நாற்றுமேடையும் இழைய வளர்ப்பும்தான்.

மதுவம் இன்னொரு கேள்வியையும் கிளப்பிவிட்டது. சின்கோனா விதையை மலை தாண்டிக் கொண்டுவர ஒருவர் வேண்டியிருந்தது. நொதியத்தின் பரம்பரையலகு வரிசையைத் தரவுத்தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள யாரும் எந்தக் காட்டுக்கும் போகத் தேவையில்லை. உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தின் கீழ் அரசுகள் கூடி, இத்தகைய வரிசைகளால் இலாபம் பெறும் நிறுவனங்களிடமிருந்து பங்கு பெற காலி (Cali) நிதியம் என்ற ஒன்றை உருவாக்கி, 2025 பெப்ரவரியில் தொடங்கிவைத்தன. அதில் குறைந்தது பாதி பூர்வகுடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. நிறுவனங்கள் பணம் போடுவது அவற்றின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே விடப்பட்டிருக்கிறது.